ஏணியோடு வந்த இரண்டு பேர்

ஆவடிப் பக்கம் ராணுவக் குடும்பங்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கேட் பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். அதனாலேயே எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

பஞ்சாபிலிருந்து வருவார்கள், அசாமுக்குப் போவார்கள். யாரும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. கறுப்புத் தகரப் பெட்டியில் வெள்ளை பெயிண்டால் வேறு ஊர்ப் பெயர் எழுதினால், அடுத்த குடும்பம் வரப்போகிறது என்று அர்த்தம். போகிற மேடம் வருகிற மேடத்திடம் என்னைச் சொல்லிவிட்டுப் போவார். என் நான்கு வீடுகளும் அப்படித்தான் நிலைத்தன.

ஒரு வருடம் பெட்டிகள் போயின, யாரும் வரவில்லை. எனக்கு ஒரே வீடு மிஞ்சியது. அண்ணனூரிலிருந்து என்னோடு வேலைக்கு நடந்து வரும் அக்காமேல் சந்தேகம் விழுந்தது. புதிதாக வந்தவர்களை அவள் வளைத்துப்போட்டுவிட்டாள் என்று நினைத்து ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"புதுசா வந்தவங்க எந்த ஊட்ல கீறாங்கக்கா? உனக்குத் தெரியும்."

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் அந்த மேடங்கிட்ட குசுகுசுன்னு பேசிகினு இருந்தே. என் ஊட்டையெல்லாம் எவளுக்குப் புடிச்சிக் குடுத்தே?"

"நடிக்காதக்கா."

"உன் அளவுக்கு எனக்கு வராதுடி."

என் கடைசி வீடு காலியானது. ஒப்படைக்கும்போது ஒருவர் வந்து குழாய், பல்பு, மின்விசிறி எல்லாம் எண்ணிப் பார்ப்பார். அடுத்த குடும்பத்துக்கு அவை அப்படியே இருக்கும். அன்று அவர் எண்ணி முடித்ததும் இரண்டு பேர் ஏணியோடு வந்து மின்விசிறிகளைக் கழற்றினார்கள்.

"புதுசு மாட்டுவீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"யாருக்கும்மா மாட்டுறது? மொத்தமா மூடுறாங்க" என்றார் ஒருவர்.

எதிர் பிளாக்கில் அக்காவின் மேடமும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்து வருகிறவருக்குப் பிடிக்கவேண்டும் என்று அக்கா அடுப்பு மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமென்று வாசல்வரை போனேன். சொன்னால் எனக்கு முன்னால் வேலை தேடிப் போய்விடுவாளோ என்று பயம். திரும்பிவிட்டேன்.

மறுநாளே குமணன்சாவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சேர்ந்தேன். நான்காம் நாள் அவளிடம் சொல்லப் போனபோது, ஆவடி கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். திருமழிசையில் இரண்டு கம்பெனிகளில் வேலை கேட்டாளாம். வயதைச் சொல்லி வேண்டாமென்றார்களாம்.

குமணன்சாவடியில் இன்னொரு ஆள் கேட்டார்கள். அவளை அழைத்துப் போனேன். வாளியைக் கையில் வாங்கியவள், "நீ என்னிக்கிடி இங்க சேர்ந்தே?" என்று கேட்டாள்.

"நேத்துதான்க்கா."

அவள், வேலைக்கு வருகிறவர்களை நோட்டில் எழுதும் வாட்ச்மேனைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் இருவரும் தனியாகப் பேசிவிடாதபடி இன்றுவரை பார்த்துக்கொள்கிறேன்.