சிப்பி மாதிரி வாங்கிய கார்

உலகச் சண்டை முடிந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் பழைய குட்டிக் கார் வாங்கினேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கும் பந்தயத்துக்குத்தான். அதில் ஓடுவதெல்லாம் துரைமாரும் அவர்களுக்கு வால் பிடிக்கிறவர்களும். ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்தை முந்த வேண்டும்.

“அண்ணாச்சி, எஞ்சின் மூடியத் தொறந்து பாருங்க” என்றான் துரையின் டிரைவர்.

“ஏலே, நாங்க முத்துச்சிப்பி ஏலம் எடுக்குற குடும்பம். சிப்பியத் தொறந்து பாத்தா வாங்குதோம்?” என்றேன். திறக்கச் சொல்லிக் கேட்பது எங்களுக்குக் கேவலம். துரை இளித்துக்கொண்டு கை கொடுத்தான்.

பந்தயத்தில் முதலாவதாகப் போனேன். ஆறுமுகநேரி உப்பளத்தருகே வண்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்தேன். அந்தக் குட்டிக் காருக்குப் பெட்ரோல் டாங்கும் அதற்குள்ளேதான். டாங்கின் ஓட்டையைத் துரை சவுக்காரக் கட்டி வைத்து அடைத்திருக்கிறான். அது பெயர்ந்து, பெட்ரோல் முழுவதும் ஒழுகிவிட்டது.

பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தார்கள். வேறொரு துரையின் காரில் அந்த டிரைவர் இருந்தான்.

“அண்ணாச்சி, முத்து கெடச்சுதா?”

அவன்மேல் கோபமில்லை. சிப்பி விற்கிறவனுக்கும் உள்ளே இருப்பது தெரியாது; அதனால்தான் அது யோக்கியமான வியாபாரம். கார் விற்ற திருட்டுத் துரைக்குத் தெரியும். அந்த வித்தியாசம் புரியாத என்னைத்தான் காறித் துப்ப வேண்டும்.