பனிக்கடியில் பூண்டு நட்ட லில்லிபுஷ்பம்

காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து லில்லியின் மகள் ஜாய்ஸ் அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாவ" என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம்மோடு நர்ஸிங் படித்த மார்த்தாண்டத்து லில்லிபுஷ்பத்தை உங்களுக்கெல்லாம் வாய் ஓயாதவளாகத்தான் தெரியும். பூதப்பாண்டிக்குத் திரும்பி வரும்வரை, கனடாவில் குளிர் பிடித்த ஒரு சிற்றூரின் ஆஸ்பத்திரியில் நானும் அவளோடு வேலை பார்த்தேன். அங்கே அவள் செய்ததைச் சொல்ல நம் வகுப்பில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். பெருமையாகவே சொல்கிறேன்.

அவள் போகும் சர்ச்சுக்குப் பின்னால் கல்லும் களையுமாக ஒரு நிலம் கிடந்தது. கார் நிறுத்துவதற்காகச் சபையார் அதன்மேல் கண் வைத்திருந்தார்கள். லில்லி கூட்டத்தில் எழுந்து, தோட்டம் போடத் தனக்குத் தரும்படி கேட்டாள். சபைத் தலைவர் கறாரான மனிதர். "இரண்டு வருடம் பாருங்கள். ஒன்றும் விளையாவிட்டால் தார் போட்டுவிடுவோம்" என்றார். வெளியே வந்ததும் லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி பகவதி, இந்த மண்ணு போச்சுன்னா எனக்கு இஞ்ச ஒண்ணுமே இல்லட்டி." அப்படி அவள் குரல் இறங்கி நான் கேட்டதில்லை.

முதல் வருடம் நம் ஊர்க்காரிதான் செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். சித்திரை பத்தாம் நாள், பத்தாமுதயத்தன்று, பூசணியும் பயறும் விதைத்தாள். கோயில் வேறானாலும் நடவுக்கு நம் பக்கத்தில் எல்லாருக்கும் அதுதானே நல்ல நாள்! கொஞ்சம் பொறுங்கள் என்று அங்குள்ளவர்கள் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். "பத்தாமுதயத்துக்கு நட்டா பட்டுப்போவாது" என்று சாதித்தாள். முளைத்தவை இரண்டு இலை விட்டதும் உறைபனி விழுந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் எல்லாம் கறுத்துக் கிடந்தன. அழுவாள் என்று நினைத்தேன். மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நாம தயாரா இருந்தா போராது, மண்ணு தயாராவணும்" என்றாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அவள் கணவர் ஜெபராஜ் அண்ணனுக்குச் சோதனை வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு காய்ந்த இலைகளைப் பையில் கட்டித் தெருவில் வைத்துவிடுவார்கள். அதையெல்லாம் லில்லி காரில் அள்ளி வந்தாள். "நீ குப்பை பெறக்குகத நம்ம ஊருக்காரங்க கண்டா மானம் போயிரும்" என்று அண்ணன் புலம்பினார். "ஊர்ல வாழமூட்டுக்கு எங்கம்மா எலச் சவறு போடுவா. அது குப்பையா?" என்றாள் லில்லி. அங்குள்ளவர்கள் அதைப் பெர்மாகல்ச்சர் என்று வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்புக்கும் போனாள், அம்மாவையும் மறக்கவில்லை. மண் இறுகுமுன் பூண்டை நட்டு, முழங்கால் உயரத்துக்குச் சருகால் மூடினாள். மேலே பனி கொட்டியது. வார்டில் நாங்கள் கேலி செய்தால், "மேலதான் குளிரு. அடியில போர்வைக்குள்ள சொகமா கெடக்கும்" என்பாள்.

வசந்தத்தில், கெடு முடியுமுன்பே, சபைத் தலைவர் நிலத்தை அளக்க நாடாவோடு வந்தார். அவரையும் வைத்துக்கொண்டு லில்லி குனிந்து சருகை விலக்கினாள். உள்ளே வரிசை வரிசையாகப் பச்சை முளைகள். தலைவர் ஒரு முளையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "கார்கள் தெருவிலேயே நிற்கட்டும்" என்றார். வார்டுக்கு வந்து அவள் போட்ட சத்தத்தில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு தெற்குச் சுவரோரம் பாறைகளை அடுக்கினாள். பகலில் அவை வாங்கிவைத்த வெயிலில் தக்காளி பழுத்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். இலைப் பைகளை இப்போது யாரும் தெருவில் வைப்பதில்லை, நேரே சர்ச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். மற்றவர்கள் கொண்டுவந்தால் போதாதென்று ஜெபராஜ் அண்ணனே முதல் ஆளாகச் சுமந்து வருவாராம். நம் வகுப்பில் எத்தனையோ பேர் எங்கெங்கோ போய்ப் பிழைத்தோம். போன இடத்து மண்ணையே மாற்றியவள் லில்லி ஒருத்திதான்.

அவளை இன்னும் அடக்கம் செய்யவில்லை. பனிக்காலத்தில் அங்கே கல்லறை தோண்ட முடியாது, மண் இளகும்வரை காத்திருக்க வேண்டும். சபையார் தோட்டத்தை ஒட்டியே இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். கடைசியாக அவள் நட்ட பூண்டு இப்போது பனிக்கடியில் கிடக்கிறது.

அன்று பாதியில் விட்ட முற்றத்தை மறுநாள் பெருக்கினேன். வழக்கம்போல் மூலையில் குவித்துத் தீ வைக்கக் கை போகவில்லை. மாவிலைச் சருகையெல்லாம் அள்ளி வாழைமூட்டில் போட்டேன். "என்னக்கா, கொளுத்தலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "இல்ல, இது லில்லிக்க சவறு" என்றேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். இருக்கும்வரை விடமாட்டேன்.

அடக்கம் எப்போது என்று ஜாய்ஸிடம் கேட்டிருந்தேன். நேற்றுத்தான் சொன்னாள். சித்திரை பத்து வாக்கில் மண் இளகிவிடுமாம்.