ஒலிபெருக்கியை நிறுத்திய திட்டம்

மன்னாரில் தாழ்வுபாட்டுப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றை மூன்று மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டபோது, மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது சமைப்பது மட்டும்தான். நான் நறுவிலிக்குளத்து வயல்காரரின் மகள். தமிழ்நாட்டு அகதி முகாமில் படித்து ஊர் திரும்பி, ஒரு தொண்டு நிறுவனத்தில் ‘நிறுவன மாற்ற அலுவலர்’ என்ற பெரிய பெயரோடு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெயர் பெரிதானால் நடையும் பெரிதாகிவிடும். எனக்கு ஆனது.

திட்டத்தில் மூன்று கட்டங்கள். முதலில் உறுப்பினர்களின் ஃபோன் நம்பர்களைப் பதிய வேண்டும். அடுத்து ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு எல்லா அறிவித்தல்களையும் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். கடைசியாகக் கந்தோரில், அதாவது சங்க அலுவலகத்தில், உள்ள பதவிகளைத் திருத்தி அமைக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு வரி இருந்தது: அறிவிப்பாளர் பதவி நீக்கப்படும்.

அறிவிப்பாளர் என்றால், சங்கத்தில் எல்லோரும் அக்கா என்று அழைக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ஐஸ் லொறி வந்தாலும், காற்று எழும்பும் என்று எச்சரிக்கை வந்தாலும், யாராவது வீட்டுத் திறப்பைத் தொலைத்தாலும், அவருடைய குரல்தான் கரை முழுக்கக் கேட்கும். அந்தக் குரலில்தான் அவருடைய வீட்டு அடுப்பும் எரிந்தது. அவரிடம் நான் அந்த வரியைச் சொல்லவில்லை. சொல்லப் பயம். கையால் எழுதிய திட்டத்தைச் சங்கத் தலைவரிடம் கொடுத்து, “மன்னார் ரவுணில ஒரு கடையில ரைப் அடிப்பிச்சு எடுங்கோ” என்றேன். பிறகு தினமும் அக்கா ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

திட்டமிடல் கூட்டம் சங்கக் கொட்டகையில் நடந்தது. நிறம் நிறமான அட்டைகளை நான் சுவரில் ஒட்ட ஒட்ட, கடற்காற்று பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. கடைசியில் ஒருவர் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்து, அட்டைகளை நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குண்டை வைத்தார். “மிஸ், இனி உங்கட திட்டம் பறக்காது” என்றார். கொட்டகையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அட்டைகள் அசையவில்லை.

நம்பர்களை எல்லோரும் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். பகலில் அந்த ஃபோன் எங்கே இருக்கும் என்று நான் ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டும். வயலில் வேலை செய்பவன் ஃபோனை இடுப்பில் செருகியிருப்பான். கடலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் கட்டம் தொடங்கிய நாள் வந்தது. மைக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை என் கைப்பைக்குள் போட்டேன். பிற்பகல் ஐஸ் லொறி வந்தது. ‘முதல் பத்து வள்ளக்காரரும் வரவும்’ என்று செய்தி அனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. இருநூறு மீற்றர் தள்ளி, கரையோர வாடிக் குடிசைகளில் எல்லோரும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. லொறியின் கீழே தண்ணீர் ஓடத் தொடங்கியது. சாரதி கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் அலுமாரியைப் பார்த்தார்.

“மைக் வேண்டாம்” என்றேன். என் பிடிவாதம் எங்கள் ஊரில் பேர்போனது.

அக்கா தன்னுடைய ஃபோனை எடுத்தார்.

“பிள்ளை, உப்புத் தண்ணி பட்டா ஃபோன் பழுதாப் போயிடும். ஆம்பிளையள் கொண்டு போகாயினம். எல்லாம் வீட்டிலதான் கிடக்கும்.”

ஒவ்வொரு வீடாக அழைத்தார். எந்த ஃபோன் மனைவியிடம், எது மகளிடம், எது முன்வீட்டுக் கடையில் சார்ஜில் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கால் மணித்தியாலத்தில் பெண்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஐஸ் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள்.

“உங்கட செய்தியை, பரிசு விழுந்திருக்கெண்டு வாற ஏமாத்துக் கதையெண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன்” என்றார் அவர்களில் ஒருவர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்கள் என்றால் யார் முதல் என்று அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள் என்று தலைவர் சொன்னார். பெண்கள் வரிசையைத் தங்களுக்குள் பேசி முடித்து, ஐஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த கிழமை அவர்களே கந்தோருக்கு வந்து, செய்தி அனுப்புகிற நேரத்திலிருந்து, சங்கக் கூட்டத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்பது வரை கேட்டார்கள். என் மூன்று கட்டங்களிலும் இல்லாத மாற்றம் அது. ஒவ்வொருவரும் கேள்வி கேட்டது அக்காவிடம். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாம் கட்டத்தைத் திருத்தி எழுதி முடித்தபோது, இனியும் மறைக்க முடியாது என்று அக்காவின் மேசைக்குப் போனேன்.

“அக்கா, பழைய திட்டத்தில ஒரு வரி இருந்தது. உங்கட பதவியைப் பற்றி…”

“தெரியும் பிள்ளை. நான்தானே அடிச்சனான்.”

தலைவர் ரவுணுக்குப் போகப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் சங்கத்துக் கணினியிலேயே அக்காவை அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

“அந்த வரியை ரெண்டு தரம் அடிச்சனான். முதல் தரம் கண்ணாடி போடாமல் பிழையா வாசிச்சிட்டன் எண்டு நினைச்சு.”

அதற்குப் பிறகும் இவ்வளவு நாளும் எனக்குத் தேத்தண்ணி தந்திருக்கிறார். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. திருத்தி எழுதிய தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

“இந்த முறை எழுதித் தராதேங்கோ. வாயால சொல்லுங்கோ, நான் கேட்டு அடிக்கிறன்.”

சொன்னேன். “அறிவிப்பாளர் பதவி நீக்கப்படாது. தகவல் பொறுப்பாளர் என்று மாற்றப்படும். இப்போது அந்தப் பதவியில் இருப்பவரே தொடர்வார்.” என் குரல் ஒருதரம் இடறியது. அவருடைய விரல்கள் நிற்கவில்லை. அடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதோட நாலு கதிரையும் வேணும் எண்டு போடட்டோ? பொம்பிளையள் வந்தா குந்தியிருக்க இடமில்லை.”

“ஆறு போடுங்கோ அக்கா” என்றேன்.