அண்ணி கலவை கேட்ட நாள்

என் அண்ணிக்கு வாய் கிடையாது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். பேசுவார், சிரிப்பார், என் அண்ணனை ஒரே பார்வையில் உட்கார வைப்பார். ஆனால் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கத் தெரியாது. அவருக்கும் சேர்த்து எனக்கு வாய் காது வரை இருக்கிறது. அதனால் அவர் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணியும் நாத்தனாருமாக நாங்கள் இருவரும் கட்டட வேலையில் சித்தாள்கள். சாரத்தின் மேல் நின்று கொத்தனார் சுவர் பூசுவார். கீழே நாங்கள் மணலும் சிமெண்டும் கலந்து, சட்டியில் அள்ளி, சும்மாடு வைத்த தலையில் ஏற்றிக்கொண்டு ஏணியில் ஏறிக் கொடுப்போம். தீர்ந்ததும் மேலிருந்து ‘கலவை’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும். கொஞ்சம் தாமதமானால் கூடவே வசவும் வரும். ‘காது செவிடா’ என்பது அதில் மரியாதையான வகை.

அண்ணியைப் பார்த்து யாரும் கத்தியதில்லை. கொத்தனாரின் கை போகிற வேகத்தை வைத்தே சட்டி எப்போது காலியாகும் என்று கண்டுகொள்வார். கேட்பதற்கு முன்னால் கலவை போய் நிற்கும். எங்கள் மேஸ்திரி அவருக்கு ‘லிஃப்ட்’ என்று பெயர் வைத்தார். “பட்டன் அமுக்காமலே மேல வர்ற லிஃப்டு இது ஒண்ணுதான்யா” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே அண்ணிக்கு வேலையும் பிடிபட்டுவிட்டது. குளியலறைச் சுவர்கள் எப்படியும் டைல்ஸ் ஒட்டி மறைந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் மீந்த கலவையை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பூசிப் பார்ப்பார். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வருவதற்குள் வழித்துப் போட்டுவிடுவார். ஒருநாள் வழிக்க மறந்துவிட்டார். டைல்ஸ் ஒட்ட வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, இதைப் பூசியது யார் என்று கொத்தனார்கள் எல்லோரிடமும் விசாரித்தார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணி தலையைக் குனிந்து மணல் சலித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கழுத்து போயிற்று. காலையில் தம்ளரைப் பிடித்தால் விரல் மரத்து நழுவும். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனித் தலையில் எந்தச் சுமையும் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். என் அண்ணன் கம்பி கட்டுகிறவர். “நீ வீட்ல இரு. நான் பாத்துக்கறேன்” என்றார்.

“தலையில தூக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. கையால பூசக் கூடாதுன்னு சொல்லலியே” என்றார் அண்ணி.

அண்ணனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த மாதம்தான் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் அம்மா, விருப்பப்படுகிற பெண் சித்தாள்களுக்குக் கொத்து வேலை பழக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு சுவர். காலையில் தொடங்கி மதியத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். தேறினால் அடுத்த கட்டடத்தில் கொத்தனார். தேறாவிட்டால் மற்றவர்களுக்குப் பழைய சட்டியாவது இருக்கிறது. அண்ணிக்கு அதுவும் இல்லை, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பயிற்சியில் அண்ணியை ஒரு குறை சொல்ல முடியவில்லை. சுவர்ச் சோதனைக்குத்தான் ஒரு சிக்கல் வந்தது. கொத்தனார் என்றால் அவருக்குச் சித்தாள் வேண்டுமே. ஆண் சித்தாள்களை மேஸ்திரி கேட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவன், “பொம்பளைக்கு நாங்க கலவை தூக்கணுமா? வேற ஆளப் பாருங்க” என்றான். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

“நான் தூக்கறேன்” என்றேன்.

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நாத்தனார் அண்ணிக்குச் சித்தாளா? உலகத்துல நடக்காத கூத்தால்ல இருக்கு.”

“நடக்கும்போது நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்க” என்றேன்.

முதல் சுவர் சொதப்பலாகத்தான் முடிந்தது. தொடக்கம் என்னவோ அழகாக இருந்தது. அண்ணி சுவரை நனைத்து, தூக்குக் குண்டு தொங்கவிட்டு, கரணையால் கலவையை வீசிய விதத்தைப் பார்த்து இன்ஜினியர் அம்மா தலையாட்டினார். மேலே சட்டி காலியானது. நான் கீழே அடுத்த சட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். ‘கலவை’ என்று சத்தம் வரும் என்று காத்திருந்தால், அண்ணி மடமடவென்று ஏணியில் இறங்கி வருகிறார். என் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார். அந்தக் கழுத்தோடு.

அடுத்த சட்டிக்கும் அதே கதை. அதற்கடுத்ததற்கும். நான் முந்திக்கொண்டு ஓடினாலும் பாதி ஏணியில் எதிரே வந்து நிற்பார். அவர் இறங்கி ஏறுவதற்குள் மேலே பூசியது இறுகிவிடும். இறுகியதன் பக்கத்தில் புதுக் கலவையை வைத்தால் ஒட்டு தெரியும். சுவர் முழுக்கத் தழும்பு தழும்பாக ஒட்டு.

மேஸ்திரி விரலால் ஒவ்வொன்றையும் தடவிக் காட்டினார். அந்த நேரத்தில் அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “ஏம்மா, கொத்தனாரு எதுக்குக் கீழ எறங்குறாரு? நீ லிஃப்டாவே இருந்தா சுவத்த யாரு பூசுறது?”

இன்ஜினியர் அம்மா, “அடுத்த வாரம் இன்னொரு சுவர் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அண்ணியைப் பிடி பிடியென்று பிடித்தேன். “கீழ குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி நிக்கிறேன்ல? ஒரு சத்தம் குடுத்தா என்ன? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?”

அண்ணி வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்தார். அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, “மேலருந்து அந்தச் சத்தம் வந்து மண்டையில விழும்போது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் யாரும் கூப்பிடுறதுக்குள்ள ஓடினேன், இத்தனை வருஷமா. அதைப் போயி நான் உன் தலையில போடணுமா?” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க எறங்கி வந்து தோத்தாதான் அண்ணி, அந்தச் சத்தம் காலம்பூரா என் தலையில விழும். நீங்க மேல நின்னாதான் நாளைக்கு நான் ஏற முடியும். எனக்கு மட்டும் இரும்புக் கழுத்தா?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். அண்ணி எதையும் எழுந்து போய் எடுக்கக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். தண்ணீருக்கு எழுவார், தோளை அமுக்கி உட்கார வைப்பேன். “சொல்லுங்க, என்ன வேணும்?” “தண்ணி...” “சுவத்துக்குக் கேக்கல.” “தண்ணி குடு.” அண்ணன் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார். இரண்டு நாளில் அவருக்கும் சட்டம் பிடித்துப்போய் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்டார். “கால் நல்லாத்தான இருக்கு? போய் எடுத்துக்கோ” என்றேன்.

இரண்டாவது சுவர் பூசிய அன்று வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. மீசைக்காரனும் நின்றான். அண்ணி ஏறினார். நான் கலவை கலந்து, முதல் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கினேன். இரண்டாவது சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு ஏணியடியில் நின்றேன். கூப்பிடாமல் ஏறுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன்.

மேலே கரணை சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அண்ணி குனிந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வலது கால் ஏணிப் படியைத் தேடி வந்தது. என் கழுத்தில் கனம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை. ‘இறங்காதீங்க அண்ணி, இறங்காதீங்க’ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கால் படியில் பட்டு நின்றது. பிறகு மேலே போயிற்று.

“கலவை” என்றார். எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

“என்னது?” என்றேன்.

அண்ணி நிமிர்ந்தார். “கலவை கொண்டாம்மா” என்று குரல் எடுத்துக் கூப்பிட்டார். வாய் நிறைய, வசவு கலக்காமல், என்னை ஓர் ஆளாக மதித்து. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் ஏணியில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு அவர் கால் சாரத்தை விட்டு இறங்கவில்லை. மதியத்துக்கு முன்பே சுவர் முடிந்தது. மேஸ்திரி மட்டக்கோலை நெடுக்கும் குறுக்கும் வைத்துப் பார்த்தார், தூக்குக் குண்டு விட்டார், ஒட்டைத் தேடிச் சுவர் முழுக்க உள்ளங்கையை ஓட்டினார். கடைசியில் இன்ஜினியர் அம்மாவிடம் திரும்பி, “எழுதிக்குங்கம்மா. கொத்தனார்” என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிமெண்டுக் கையால் துடைத்து எரிச்சல் வேறு. அண்ணி இன்னும் மேலேயே நின்றார். பக்கத்துச் சுவர் நனைத்துப் பூசாமல் கிடந்தது.

“நீ சும்மாட்ட எறக்கி வச்சுட்டு மேல வா. இந்த ஓரத்தைப் பூசிப் பழகு” என்றார் என்னிடம்.

“அப்ப கலவை யாரு கொண்டாருவா?”

அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மேஸ்திரி, கலவைக்கு ஆள் அனுப்புங்க” என்றார், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி.

மேஸ்திரி சுற்றும்முற்றும் பார்த்தார். மீசைக்காரன் வானத்தைப் பார்த்தான். “அங்க என்னய்யா பார்வை? கொத்தனாரு கூப்பிடுறாங்கல்ல, போ” என்றார் மேஸ்திரி.

அவன் முணுமுணுத்துக்கொண்டே சட்டியை எடுத்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு ஏணியில் ஏறினேன். தலையில் ஒன்றும் இல்லாமல் அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை.