ஆறு மணிக்கு ஜோரான்

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், மனைவி செல்வி, ஏழு வயது மகள் நிலா, அப்புறம் ஜோரான். எங்கள் மூவருக்கும் வீட்டுமொழி தமிழ். ஜோரான் மட்டும் இந்தி. அவன் ஓர் இரும்பு வண்டு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் வருவான், முதுகு ஓட்டைத் திறந்து கேடயமாக்கிக்கொண்டு எதிரி வண்டுகளை நொறுக்குவான், ஆறரைக்குப் போய்விடுவான். முழுக்க கம்ப்யூட்டரில் செய்த தொடர். எந்த நாட்டுக் கம்பெனியோ முதலில் பொம்மைகளைச் செய்துவிட்டு, அவற்றை விற்பதற்காகப் பிறகு கதை எழுதியிருக்கிறது. பொம்மைப் பெட்டியின் பின்பக்கத்தில் மற்ற வண்டுகளின் படங்களும் இருக்கும், பிள்ளைகள் வீட்டில் நச்சரிப்பதற்கு வசதியாக. இங்கே அந்தமானில், ஜங்லிகாட் கடையில் எப்போது போய்க் கேட்டாலும் "ஷிப் நஹீ ஆயா" என்பார்கள். கப்பல் வராததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். நிலாவிடம் இருந்தது ஒரே ஒரு ஜோரான், அதுவும் ஒரு கால் உடைந்தது. அதே தொடர் தமிழ்நாட்டில் தமிழில் வருகிறது, தெரியும். போர்ட் பிளேரில் டிவியைப் போட்டதும் இந்திதான் வரும். ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மௌ செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நிலாவோடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது, எதற்கு மாற்றுவது?

இத்தனைக்கும் நான் இந்தியோடு பிறந்தவன் அல்ல. விருதுநகரிலிருந்து பதினோரு வருடத்துக்கு முன்பு, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஸ்டோர் வேலைக்கு வந்தேன். யார் எதைக் கேட்டாலும் "ஹாங் ஜி" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் முழிப்பேன். வந்த புதிதில் ஒரு ஃபோர்மேன் ஜன்னலில் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, அந்தப் பெயரில் ஒரு சாமான் இருக்கிறது என்று நினைத்து அலமாரி அலமாரியாக அரை மணி நேரம் தேடினேன். மனுஷன் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருக்கிறார். இப்போது இந்தியில் சண்டை போடுகிறேன், ஜோக் அடிக்கிறேன். சொல்லப்போனால் இந்தி பேசும்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் கூடுதல், சிரிப்பும் சத்தமாக வரும். "டூட்டியில இருக்கிறவரு வேற ஆளு, நம்ம வீட்டுக்கு வர்றவரு வேற ஆளு" என்பாள் செல்வி. ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் அந்த முதல் ஆளைப் பார்த்ததே இல்லை.

செல்வி நர்ஸ். இந்த வருடம் அவளுக்கு கேம்ப்பெல் பேவுக்கு மாற்றல் வந்தது, ஒரு வருடத்துக்கு. தீவுகளின் தெற்குக் கோடி அது. கப்பலில் போனால் இரண்டு மூன்று நாள், கடல் நன்றாக இருந்தால். அங்கே அவளுக்கு நைட் டூட்டி, இங்கே எனக்கு ஷிஃப்ட். பிள்ளையை யாரிடம் விடுவது? விருதுநகரில் இருக்கும் என் அக்காதான் சொன்னாள், "எம் பிள்ளையோட இன்னொரு பிள்ளையா இருந்துட்டுப் போறா. அனுப்பி விடுடா தம்பி." அக்கா மகள் கயலுக்கு ஒன்பது வயது. எல்லாம் சரிதான். எனக்கு ஒரே கவலை, நிலாவின் தமிழ். சாப்பிட, குளிக்க, திட்டு வாங்க, தூங்க அவளுக்குத் தமிழ் போதும். விளையாட்டு, சண்டை, ரகசியம், வீரம் எல்லாம் இந்தியில்தான். அத்தை போனில் என்ன கேட்டாலும், எல்லாம் சரி என்பதுபோல "டீக் ஹை அத்தை" என்று முடித்துவிடுவாள். இந்தப் பிள்ளை அங்கே போய் யாரோடு பேசும்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜோரானைத் தமிழுக்கு மாற்றிவிட்டால், கிளம்புவதற்குள் அவனிடமே கற்றுக்கொள்வாள். செல்வியிடம்கூடச் சொல்லாமல், அடுத்த நாள் ஆறு மணிக்கு ரிமோட்டை எடுத்து அமுக்கிவிட்டேன்.

ஜோரான் முதுகைத் திறந்து, "பின்வாங்காதீர்கள் வீரர்களே" என்று கர்ஜித்தான். மௌ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிலா சிரிக்கவில்லை. எழுந்து டிவியின் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அப்பா, ஜோரானை க்யூங் மாத்தினீங்க?"

"மாத்தலடா கண்ணு. அதே ஆளுதான். தமிழ் பேசுறான், அவ்வளவுதான்."

அவள் ஜோரானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யே ஜோரான் நஹீ ஹை. இவன் ஜோரான் இல்ல, உங்கள மாதிரி பேசுறான்."

மூன்று நாள் அவள் ஆறு மணிக்கு ஹால் பக்கமே வரவில்லை. உடைந்த கால் பொம்மையை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். விஷயம் தெரிந்ததும் செல்வி பிடித்துக்கொண்டாள். "ஊர விட்டுப் போறது போதாதுன்னு அவ கூட்டாளியவும் புடுங்கிட்டீங்களா?" ரிமோட்டை எடுத்து இந்திக்கே மாற்றினேன். அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன், ஜோரானின் வாயசைப்பு தமிழுக்கும் பொருந்தவில்லை, இந்திக்கும் பொருந்தவில்லை. அவன் உண்மையில் எந்த மொழிக்காரனோ.

மே மாதம் செல்வி கப்பலேறினாள். ஜூன் பிறந்ததும் நிலாவை விமானத்தில் கூட்டிப்போய் அக்கா வீட்டில் விட்டு, பள்ளியில் சேர்த்துவிட்டு நான் மட்டும் போர்ட் பிளேர் லம்பா லைனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். மௌவின் அம்மா சந்தியா இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு வந்தார். "தாதா, எத்தனை நாளைக்குக் கோபம்? பேசி சரி பண்ணிக்கோங்க" என்றார் இந்தியில், அண்ணனுக்கு மட்டும் வங்காளத்துத் தாதா போட்டு. அந்த வாரம் தண்ணீர் லாரிக்காரனோடு எனக்குப் பெரிய சண்டை. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "இனி ஜென்மத்துக்கும் அந்த முகத்தில் முழிக்க மாட்டேன், வேறு ஏற்பாடு பார்த்தாச்சு" என்றேன். அவர் முகம் வெளுத்துப் போனது. மாற்றல் என்பதெல்லாம் சாக்கு, நானும் செல்வியும் பிரிந்துவிட்டோம் என்று அவர் நினைத்திருந்தது, செல்வி போனில் அவரிடம் பேசிய பிறகுதான் எனக்குத் தெரியும். மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அக்காவின் போன் நாளுக்கு நாள் கனத்தது. "தம்பி, பிள்ள வாயே தொறக்க மாட்டேங்குறாடா. பாதித் தட்டு சோறு அப்படியே இருக்கு. கயலு அந்த வண்டுப் படத்தைப் போட்டா, இவ சுவரப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிறா." அக்கா வீட்டில் லோக்கல் கேபிள், அதில் தமிழ் மட்டும்தான் வரும். நான் செல்வியிடம் சொல்லாமல் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில் அவள் அழாமல் சொன்னாள், "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பிள்ள சரியாகலேன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடுறேன். லெட்டர் எழுதி வச்சுட்டேன்." அந்த வேலைக்காக அவள் படித்த படிப்பும் எழுதிய பரீட்சைகளும் எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் நிலா அக்காவின் போனில் தானாகவே கூப்பிட்டாள். "அப்பா, ஆறு மணிக்கு நம்ம டிவியப் போடுங்க. போன கிட்ட வைங்க."

முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் அதே படம்தான் ஓடுகிறது. அங்கே சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். எங்கள் வீட்டு ஜோரானின் குரல் இங்கிருந்து போனில் போக, அங்கே அவள் வண்டுகளைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் அவள் குறை சொல்லவில்லை. இங்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. "இங்க இன்னும் வெயில் அடிக்குது அப்பா" என்றாள், ஏதோ நியாயம் கேட்பதுபோல. நல்லவேளையாக அப்போது எனக்குப் பதினைந்து நாளைக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணியானால் டிவி முன்னால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டு நிற்பேன், கை வலித்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வேன். மூன்றாம் நாள் போனில் இன்னொரு குரல் கேட்டது. "ஏய், என்னடி சொல்றான்? எனக்கும் சொல்லு." கயல். "அவன் சொல்றான்... எல்லாரும் பின்னாடி நில்லு, நான் மட்டும் போறேன்னு" என்றாள் நிலா, தமிழில். அடுத்தடுத்த நாட்களில் ஜோரான் இங்கே "சலோ" என்று ஒரு வார்த்தை சொன்னால், அங்கே என் மகள் அதைப் பத்து வாக்கியத்தில் சொன்னாள். பாதி அவளாகச் சேர்த்தது. நான் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் படம் முடிந்ததும் சொன்னாள், "அப்பா, நாளைக்கு போன் வேணாம். கயல் அக்காவுக்கு சவுண்ட் வேணுமாம். நாங்க இங்கத்த ஜோரானையே பாக்குறோம்."

"அவன் ஜோரான் இல்லேன்னு சொன்னியேடா?"

"இல்லதான். ஆனா பரவாயில்ல, அவனும் நல்லவன்தான்."

பின்னாலிருந்து அக்கா போனைப் பிடுங்கி, "ரெண்டு தோசை கேட்டு வாங்கித் தின்னாடா இன்னைக்கு" என்றாள். செல்வியைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சொன்னேன். "அப்ப லெட்டர கிழிச்சிடட்டுமா?" என்றாள். "கிழிச்சிடு" என்றேன். "உங்களுக்குச் சந்தோஷம்தான?" என்று கேட்டாள். சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனால் நாளை ஆறு மணிக்கு என் பிள்ளைக்கு நான் தேவையில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் டிவியைப் போட்டுவிட்டேன். ஜோரான் இந்தியில் வந்தான். இதே நிமிடம் நிலா அங்கே கேட்டுக்கொண்டிருப்பது எதுவோ, எனக்கும் அது வேண்டும் போலிருந்தது. ரிமோட்டை எடுத்துத் தமிழுக்கு மாற்றி, போர்வீரனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிலா போன நாளிலிருந்து எட்டிப் பார்க்காத மௌ, சத்தம் கேட்டோ என்னவோ, வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. ஜோரானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், யே க்யா போல் ரஹா ஹை?"

நான் நாற்காலியிலிருந்து இறங்கி அந்த இடத்தில் உட்கார்ந்து, அவன் என்ன சொல்கிறான் என்று இந்தியில் சொல்லத் தொடங்கினேன்.