எலுமிச்சம்பழமும் கியர்பாக்ஸும்

சிங்கப்பூரில் ஒருவர் இன்னொருவரைத் தெருவில் அறைந்து நான் பார்த்ததே இல்லை. தேக்கா சந்தை நெரிசலில் தோளில் இடித்துவிட்டால்கூட, இடிபட்டவர்தான் முதலில் சாரி சொல்கிறார். நாமக்கல்லிலிருந்து வந்த புதிதில் இது எனக்கு வியப்பாக இருந்தது. போகப்போக மூச்சு முட்டியது. இந்த மனிதர்கள் கோபத்தை எங்கேதான் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று ரயிலில் முகம் முகமாகப் பார்த்திருக்கிறேன். என் கோபத்தை நான் எங்கே வைத்திருந்தேன் என்பது, ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார் நிறுத்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெரிந்துபோனது.

பழைய எஸ்யூவி ஒன்று வாங்குவதாக இருந்தோம். இடுப்பு ஆபரேஷன் முடிந்து எங்களோடு இருக்க வந்த மாமியாரால் தாழ்வான காரில் உட்கார்ந்து எழ முடியவில்லை. விற்கிறவர் ராஜேந்திரன், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் வரும்வரை வண்டியைக் கிளப்பவே வேண்டாம் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். குளிர்ந்த வண்டியில், பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ‘டி’யில், அதாவது டிரைவில், போட வேண்டும். போட்ட உடனே கியர் பிடிக்க வேண்டும். யோசித்துவிட்டுப் பிடித்தால் கியர்பாக்ஸுக்கு நோய். லாரிக்காரர் மகனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மனிதர் வண்டியை எங்கள் வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பானெட்டில் கை வைத்தேன், கொதித்தது.

“சூடா இருக்குதுங்களே.”

“ஓட்டிட்டு வந்தேன்ல அண்ணே. உங்களுக்கு சிரமம் வேணாம்னுதான் லா.”

ஆறட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டு நின்றோம். இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் பி.ஆர். உரிமைக்கு விண்ணப்பித்துப் பதிலுக்காகக் காத்திருப்பதை அவரிடம் சொன்னேன். என் மகளுக்கு இதுதான் ஊர், நாமக்கல் வெறும் விடுமுறை. என் பெயரில் ஒரு போலீஸ் புகார் வந்தால் போதும், அவளுடைய பள்ளிக்கூடம் உட்பட எல்லாம் போச்சு. அதனாலேயே இத்தனை காலம் எந்த வம்பிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பானெட் ஆறியிருந்த நேரத்தில் என் மனைவி கல்பனா எலுமிச்சம்பழங்களோடு இறங்கி வந்தாள். சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போனபோதே வாங்கி வைத்திருந்தாள். வாங்கிய வண்டிக்குத்தான் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குவார்கள். வாங்கலாமா என்று பார்க்கிற வண்டிக்கு யாராவது வைப்பார்களா?

“இன்னும் ஓட்டியே பாக்கல கல்பனா.”

“நல்ல நேரம் முடியப் போவுதுங்க. அம்மா மேல காத்துட்டு இருக்காங்க.”

சொல்லிக்கொண்டே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் பழம் வைத்தாள். பழம் வைத்தால் வியாபாரம் முடிந்தது என்றுதானே அர்த்தம். ராஜேந்திரன் முகம் மலர்ந்தது. “அக்காவே ஓகே சொல்லிட்டாங்க!” என்று சட்டென்று ஏறி அமர்ந்து வண்டியைக் கிளப்பினார்.

‘டி’யில் போட்டார். வண்டி அசையவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தார். இஞ்சின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. வலது பக்கப் பழம் உருண்டுவிட்டதென்று கல்பனா குனிந்தாள். அப்போதுதான் கியர் பிடித்தது. வண்டி பாய்ந்தது. என் கைக்குக் கிடைத்தது அவள் பின்னல்தான், பிடுங்கி இழுத்தேன். பம்பர் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போய்த் தூணில் மோதி நின்றது. அவள் தரையில் கிடந்தாள். சத்தமே வரவில்லை. அதுதான் எனக்கு வெறியேற்றியது.

கதவைத் திறந்து ராஜேந்திரனைச் சட்டையோடு வெளியே இழுத்தேன். முதல் குத்து வாயில். உதடு பல்லில் கிழிந்து ரத்தம் என் கையில் தெறித்தது. அவரைத் தூணோடு வைத்துத் திரும்பத் திரும்ப அடித்தேன். என் அப்பாவும் இப்படித்தான் அடித்தார். அவர் வாங்கிய பழைய லாரி கொல்லிமலை வளைவில் கியர் விழாமல் உருண்டு கிளீனரின் காலை எடுத்தது. விற்றவனை டீக்கடையிலிருந்து தெருவுக்கு இழுத்துவந்து ஸ்பேனரால் பல்லை உடைத்தார். ஊர் நியாயம் என்றது. எங்கள் பக்கத்து வாரண்டி அது. அதை நான் விமானத்தில் கொண்டுவந்திருந்தேன், எந்தச் சோதனையிலும் மாட்டாமல்.

ராஜேந்திரன் திருப்பி அடிக்கவில்லை. கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். புளோக்கிலிருந்து ஒரு சீன முதியவர் கைபேசியோடு ஓடிவந்தார்.

“ஐ கால் போலீஸ் ஆ?”

என் கை அந்தரத்தில் நின்றது. மகளின் முகம் ஒரு முறை வந்து போனது. பதில் சொன்னது ராஜேந்திரன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

“நோ நீட் லா அங்கிள். மை கார், மை ஃபால்ட். ஐ ஃபால் டவுன் ஒன்லி.”

முதியவர் என்னை நம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றார். ராஜேந்திரன் தமிழில், என்னைப் பார்க்காமல் பேசினார். “கியர் பிடிக்க லேட்டாவும்னு தெரியும் அண்ணே. சூடாயிருந்தா தெரியாதுன்னு நெனச்சேன். அக்கா குனிவாங்கன்னு நெனக்கல.” பிறகு பாக்கெட்டிலிருந்து டிஷ்யூவை எடுத்து வாயை ஒற்றிக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினார். “தரையத் தொடச்சிடுங்க. யாராவது கேப்பாங்க.”

அவர் இழுவை வண்டிக்குப் போன் செய்யத் தள்ளிப் போனார். கல்பனா எழுந்து முழங்கையைப் பிடித்தபடி, எனக்காக நிற்காமல் லிஃப்டுக்கு நடந்தாள். நான் மண்டியிட்டு அவர் ரத்தத்தையும் நசுங்கிய பழத்தையும் சேர்த்துத் துடைத்தேன். விரல் முட்டியில் தோல் உரிந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு பட்டு எரிந்தது. இருக்க விடுங்கள் என்று நான் மனுப்போட்டுக் காத்திருக்கும் நாட்டின் தரையை, நாமக்கல்லிலிருந்து வந்த கையால், கறை போகும்வரை தேய்த்துக்கொண்டிருந்தேன்.