குணவதிக்கு ஒரு லேசான லேப்டாப்

சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதுபவள் குணவதி. போன வருடம் அவளுடைய வலது கை இளைக்கத் தொடங்கியது. டாக்டர்கள் நோய்க்குப் பெயர் சொன்னார்கள், மருந்து சொல்லவில்லை. இடது கையால் மட்டும் தட்டச்சு செய்ய வசதியாக, விசைகளை மாற்றியமைக்கும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதிக்கொண்டாள். அது லினக்ஸில்தான் ஓடும்.

பழைய லேப்டாப் கனம். ஒற்றைக் கையால் தூக்கப் போய்க் கீழே போட்டிருக்கிறாள். அதனால் தினமும் கணவன் வேலுதான் அதை அவள் மேசைவரை கொண்டுவந்து வைப்பான். உடன் வேலை செய்பவர்கள் பார்க்காததுபோல் இருப்பார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

லேசானதாக ஒன்று வாங்கினால் தானே தூக்கிக்கொள்ளலாம் என்று, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவுடன் சூலியா தெருவில் பஷீரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். வேலுவும் வந்தான்.

முதலில் பார்த்த லேப்டாப்பில் வைஃபை பிடிக்கவில்லை. அடுத்ததை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நின்றது.

“விண்டோஸ் போட்டா எல்லாம் நல்லா ஓடும்லா அக்கா,” என்றார் பஷீர்.

“எனக்கு ஓடாது அண்ணே.”

பஷீர் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஒரு கிலோகூட இருக்காது. வைஃபை பிடித்தது. மூடித் திறந்ததும் திரை விழித்தது. இடது கையால் தட்டினாள். எழுத்துகள் ஒழுங்காக வந்தன. அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகிறது என்று வேலுவுக்குத் தோன்றியது.

“தூக்கிப் பாருங்க அக்கா, புக்கு மாதிரி இருக்கும்.”

இடது கையால் தூக்கினாள். மேசையை விட்டு எழும்பியதுமே விரல்கள் தாமாக விரிந்தன. வேலு பாய்ந்து பிடித்தான். மறுபடி முயன்றாள். மறுபடியும் அப்படியே. அது நல்ல கை. இத்தனை நாளும் பழைய லேப்டாப்பின் கனத்தைத்தான் அவள் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இதவிட லேசா இருக்கா அண்ணே?” என்று கேட்டாள்.

பஷீர் வேலுவைப் பார்த்தார். “இல்லக்கா. இதான் இருக்கறதுலயே லேசு.”

“டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிட்டு...” என்று வேலு தொடங்கினான்.

“காட்டி?” என்றாள் குணவதி.

அதையே வாங்கினார்கள். திங்கட்கிழமையும் வேலுதான் மேசைவரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பக்கத்து மேசை அமீரா ஆசையாக வந்து அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“வெயிட்டே இல்லலா அக்கா!”

“ஆமா, லேசுதான்,” என்றாள் குணவதி.